நஞ்சப்பன் பார்த்துக்கொண்டிருந்த பந்து

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மதியம் மூன்றேகால் மணிக்கு, குருத்துக்கொம்பை கோல்ஃப் மைதானத்தில் பெங்களூர்க்காரர் தேவய்யா அடித்த பந்து மேலே போனது. போனது போனதுதான், அன்றைக்கு இறங்கவில்லை, மறுநாள் இறங்கவில்லை, மழைக்காலம் வந்து போய், பனிக்காலம் வந்து புல்லைக் கருக்கிவிட்டுப் போய், பதினோரு வருஷம் ஆன பிறகும் இறங்கவில்லை. மேலே போனது கீழே வந்துதான் தீரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் முதல் அரைமணி நேரம் கொஞ்சம் சங்கடப்பட்டார்கள். அதற்குள் கிளப் சமையலறையிலிருந்து டீயும் வர்க்கியும் வந்துவிட்டன.

பந்தின் கதை மலைமேல் எல்லோருக்கும் தெரியும். பத்திரிகைக்காரர்கள் அதைப் பதினோரு வருஷம் எழுதினார்கள், எந்த மேகம் எத்தனை மணிக்குக் கடந்தது என்பது வரைக்கும் எழுதினார்கள். அந்தப் பந்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்த நஞ்சப்பனைப் பற்றியும் எழுதினார்கள். அவன் மனைவி தவமணியைப் பற்றி ஒரே ஒரு இடத்தில், ஒரு கட்டத்துக்குள், ‘உணவு: மனைவி’ என்று போட்டிருந்தார்கள். இது அந்தக் கட்டத்துக்குள் அடங்காதவளின் கதை.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் மட்டைப் பையைத் தாங்களே தூக்குவதில்லை. தூக்குவதற்கு ஆள் உண்டு. அந்த ஆளுக்கு இங்கிலீஷில் ‘கேடி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. போலீஸ்காரர்கள் அதையே வேறு மாதிரி ஆட்களுக்கு வைத்திருப்பதால், குருத்துக்கொம்பையில் அவர்கள் தங்களைப் பைக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். பை தூக்குவது பாதி வேலை. மீதிப் பாதி கண். அடித்து முடித்ததும் ஆட்டக்காரர் பெருமூச்சு விடலாம், மட்டையை வீசலாம், கடவுளைத் திட்டலாம். பைக்காரர் மட்டும் பந்து எந்தப் பக்கம் போகிறது, எந்தக் கிளையில் பட்டது, எந்தப் புதருக்குள் உருண்டது என்று, அது ஓய்ந்து நிற்கிறவரை பார்வையை எடுக்கக் கூடாது. பந்தைத் தொலைத்தவன், முகூர்த்த நேரத்தில் தாலியைக் காணோம் என்று தேடும் ஐயர் மாதிரி, அதற்குப் பிறகு யார் முகத்திலும் விழிக்க முடியாது. நஞ்சப்பன் பதினாறு வயதில் பையைத் தோளில் மாட்டியவன். இருபத்திரண்டு வருஷத்தில், கைநீட்டினால் விரல் தெரியாத மூடுபனியில்கூட, ஒரு பந்தைத் தொலைத்ததில்லை. அந்தப் பெருமை அவனுக்கு உண்டு. வேறு பெருமை அவனுக்குக் கிடையாது, தேவையும் இருக்கவில்லை.

தவமணி அதே மைதானத்தில் களை பிடுங்குகிறவள். குழிகளைச் சுற்றிப் பட்டுப்போல வெட்டிவிட்ட புல்லில் வேற்றுப்புல் ஒன்று தலைகாட்டினாலும் குந்தி உட்கார்ந்து சிறு கொக்கியால் தோண்டி எடுக்க வேண்டும். அவன் எந்நேரமும் மேலே பார்க்கிறவன், அவள் எந்நேரமும் கீழே பார்க்கிறவள். இரண்டும் எப்படித்தான் கண்ணும் கண்ணும் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டதோ என்று மற்றப் பெண்கள் கேலி பேசுவார்கள். கல்யாணம் ஆகி அப்போது இரண்டு வருஷம். அவளுக்கு முப்பத்தொன்று. பிள்ளை இன்னும் இல்லை, ஆனால் உண்டாகும் என்று இரண்டு பேருமே நம்பிக்கையோடு இருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு நாள் போட்டியின் கடைசி நாள். பதினேழு குழி முடிந்து, பதினெட்டாவது குழிக்குத் தேவய்யா வந்தபோது, முன்னால் ஆடி முடித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைவிட ஒரே ஒரு அடி கூடுதலாக அடித்துப் பின்தங்கியிருந்தார். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து ஒன்பது வருஷத்தில் அவர் எதையும் ஜெயித்ததில்லை. பத்திரிகையில் அவர் பெயர் எப்போதும் ‘மற்றும்’ என்ற சொல்லுக்குப் பின்னால்தான் வரும். இந்த அடி குழியில் நட்ட கொடிக்கம்பின் பக்கத்தில் விழுந்தால் சமன், நேராகக் குழிக்குள் போனால் வெற்றி. அடித்தார். அடித்த சத்தத்திலேயே, அவர் பையைத் தூக்கிக்கொண்டு நின்ற நஞ்சப்பனுக்குத் தெரிந்துவிட்டது, இதுபோல ஒரு அடியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை என்று. பந்து ஏறியது, பட்டாணியானது, கடுகானது, கடுகு அப்படியே நின்றது.

“பந்து?” என்றார் தேவய்யா.

“தெரியுதுங்க சார்” என்றான் நஞ்சப்பன், நெற்றிக்கு மேலே கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு.

கிளப் செயலாளர் கர்னல் வரதராஜுலுதான் அன்றைக்கு நடுவர். ராணுவத்தில் இருந்தவர், விதிப்புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குகிறவர். அவர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, சூரியன் யூகலிப்டஸ் தோப்புக்குப் பின்னால் இறங்குவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பந்து இன்னும் ஓயவில்லை, அதனால் ஆட்டம் முடியவில்லை. ஆட்டம் முடியாததால் ஜெயித்தவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. பைக்காரரின் பார்வையில் இருக்கிறவரை பந்து தொலைந்ததாகாது. பார்வை விலகினால் அந்த நொடியிலிருந்து தேடுவதற்கு மூன்று நிமிஷம், அதற்குள் கிடைக்காவிட்டால் தொலைந்தது தொலைந்ததுதான். தீர்ப்பில் ஓட்டையே இல்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நஞ்சப்பன் தலையாட்டக்கூட இல்லை, ஆட்டினால் பார்வை விலகுமே.

தவமணி மணல்குழி ஓரத்தில் காத்திருந்தாள். சேர்ந்தே வீட்டுக்குப் போவது வழக்கம். வீட்டில் மொச்சை ஊறப்போட்டிருந்தாள். இருட்டிவிட்டது, அவன் வரவில்லை. “நீ போ புள்ள, இதா எறங்கிரும், வந்தர்றேன்” என்றான். அவள் போனாள். மூன்றாம் நாள் பார்த்தபோது மொச்சை பாத்திரத்திலேயே முளைவிட்டிருந்தது.

முதல் ஒரு வாரம் கண் நன்றாக இருக்கிற எல்லோருக்கும் அந்தக் கடுகு தெரிந்தது. எட்டாம் நாள் தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டது, மூன்று மாதம் விடவில்லை, வானம் வெளுத்தபோது அது நஞ்சப்பனைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. மேகத்துக்குள் எப்படித் தெரிகிறது என்று கர்னல் கேட்டதற்கு, “மேகந்தானுங்களே சார், செவுரா?” என்றான். இருட்டில் எப்படி என்றதற்கு, “இருக்கற எடந் தெரியுதுங்க” என்றான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. மணிக்கொரு தரம் கர்னலோ அவருடைய ஆளோ வந்து “பந்து?” என்று கேட்பார், நஞ்சப்பன் “தெரியுதுங்க” என்பான், பலகையில் ஒரு கோடு போடுவார்கள். கண் இமைப்பது பார்வையை விலக்குவதாகுமா என்ற கேள்வி வந்து, கமிட்டி இரண்டு நாள் கூடி, மூன்று பேர் ராஜினாமா செய்து, கடைசியில் இமைக்கலாம் என்று முடிவானது. இரண்டு நாளும் அவன் இமைக்காமலே இருந்தான். தூக்கம் வந்தால் மீனைப்போலக் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினான். கால் வீங்கியது. சலூன்காரர் மாதப்பன் தன் கடையிலிருந்த சாய்கிற நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார், நஞ்சப்பன் அதில் சாய்ந்துகொண்டான், அதற்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறவனுக்குச் சோறு ஊட்ட முடியாது, புரைக்கேறும். தவமணி கடைவீதியில் ஒரு பாலாடை வாங்கினாள். “எத்தன மாசக் கொழந்த?” என்று கேட்ட கடைக்காரப் பெண்ணுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், “முப்பத்தெட்டு வயசு” என்று உண்மையைச் சொன்னாள். காலையிலும் மாலையிலும் கஞ்சியைப் பாலாடையில் மொண்டு, அவன் பார்வையில் கை குறுக்கிடாதபடி பக்கவாட்டிலிருந்து உதட்டில் வைத்துப் புகட்டுவாள். தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்ததை வைப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான். ஊரில் மற்றப் பெண்கள் புருஷனோடு குடும்பம் நடத்தினார்கள், தவமணி புருஷனின் தாடையோடும் தொண்டையோடும் குடும்பம் நடத்தினாள்.

செய்தி மலையிறங்கிப் போனது, ரசிகர்கள் மலையேறி வந்தார்கள். கோல்ஃப் ரசிகர்கள் சத்தம் போடாதவர்கள், கிரிக்கெட் கூட்டம் மாதிரி விசில் அடிக்க மாட்டார்கள், தொப்பியும் வெயில்கண்ணாடியுமாக வந்து, மடக்கு நாற்காலியை விரித்து, பிளாஸ்கைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்க ஒன்றுமே இல்லாத ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நல்ல நாள்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர்கள் வந்தார்கள், கண் டாக்டர்கள் வந்தார்கள், புதுசாகக் கல்யாணமான ஜோடிகள் வந்து அண்ணாந்து பார்க்கிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் மைதானம் மூடியதும் லாட்ஜ் வராந்தாவில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்து அதற்குள் பந்தைத் தட்டிப் போட்டி வைத்தார்கள். கழுத்து வலிக்கு நீலகிரித் தைலம் விற்றது, தைலம் காய்ச்சுகிற அடுப்புகள் பத்துக்குமேல் ஆயின. கேரட் கழுவிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் தொப்பியில் பந்துப்படம் தைத்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு டிரைவர் வேலை, காவல் வேலை. அம்மன் கோயில் பூசாரி, பந்து இறங்காமல் இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் தனியாக ஒரு தேங்காய் உடைத்தார்; இறங்க வேண்டும் என்று ஒரே ஒருத்தி உடைத்தாள், அது அழுகலாகப் போயிற்று.

கோயம்புத்தூர்த் தினசரி ஒன்றில் பிலோமின்ராஜ் என்ற நிருபர் ‘நேற்றைய நிலவரம்’ என்று தினமும் ஒரு பத்தி எழுதினார். உலகத்தில் மற்ற இடங்களில் நடந்த போட்டிகளும் அதில் வரும்: யாரோ எங்கோ ஜெயித்தார்கள், யாருக்கோ முதுகு பிடித்துக்கொண்டது, யாரோ மட்டைக் கம்பெனியை மாற்றினார்கள். அதெல்லாம் முடிந்து கடைசி வரி தடித்த எழுத்தில், ‘குருத்துக்கொம்பையில் பந்து நேற்றும் தெரிந்தது’ என்று முடியும். ஜனங்கள் கடைசி வரியை முதலில் படித்துவிட்டு, மீதியைப் பஜ்ஜி மடிக்க வைத்துக்கொண்டார்கள்.

தேவய்யாவுக்கும் குறை இருக்கவில்லை. ஆட்டம் முடியாமல் வேறு போட்டிக்குப் போகக் கூடாது என்பது விதி. முதல் மாதம் கையில் மட்டையோடு நின்றார், இரண்டாவது மாதம் உட்கார்ந்தார், அடுத்த வருஷம் டிவிக்காரர்கள் அவரை ஆட்டங்களுக்கு விளக்கம் சொல்லக் கூப்பிட்டார்கள். ஜெயித்தவர்களை ஜனங்கள் ஒரு வாரத்தில் மறந்தார்கள், ஜெயித்துக்கொண்டே இருக்கிறவரை எப்படி மறப்பார்கள்? தொப்பை போட்டது, முகம் மினுமினுத்தது. சீசனுக்குச் சீசன் வந்து நஞ்சப்பன் நாற்காலிக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, “நஞ்சப்பண்ணா இல்லேன்னா நான் இல்லே, அக்கா” என்று தவமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவளுக்கு எல்லோரும் மரியாதை கொடுத்தார்கள், பேச மட்டும் விடவில்லை. ஆட்டம் நடக்கிற இடத்தில் மௌனம் காப்பது கோல்ஃபில் மரபு. நீளக் கம்பில் ‘அமைதி’ என்று எழுதிய பலகையைக் கட்டி, மைதான ஊழியர் ஒருவர் நஞ்சப்பன் பக்கத்தில் எப்போதும் நிற்பார். தவமணி குசுகுசுவென்று பேசினால் விட்டுவிடுவார், குரல் கொஞ்சம் எழும்பினால் பலகையை உயர்த்துவார். இரண்டாம் வருஷம் அவளுடைய அம்மா செத்த செய்தியைக் கொண்டுபோய் அவன் காதருகே சொன்னவள் தாங்கமாட்டாமல் ஓவென்று அழுதுவிட்டாள். அப்போதும் பலகை உயர்ந்தது. முந்நூறு ரசிகர்கள் திரும்பிப் பார்த்து முகம் சுளித்தார்கள். நஞ்சப்பனின் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது, பார்வை மட்டும் விலகவில்லை.

“என்னய ஒருக்காப் பாக்கலாமில்ல?” என்று அவள் முதல் வருஷம் கெஞ்சினாள். “இதா எறங்கிரும் புள்ள” என்றான். நான்காம் வருஷம் கோபத்தோடு கேட்டாள். “நாங் குனிஞ்சா ஊரே கவுந்துரும் புள்ள, பாத்துட்டுத்தான இருக்கறே” என்றான். ஏழாம் வருஷம் கேட்பதை விட்டுவிட்டாள். பிள்ளை பெறுகிற வயது ஒவ்வொரு மாதமாகக் கழன்று போய்க்கொண்டிருந்தது. வயலட் பூச்செடி ஓரம் குந்தியிருந்து களை பிடுங்குகையில், யாருக்குமே இல்லாத அநியாயம் தனக்கு மட்டும் ஏன் என்று அந்தப் புல்லைக் கேட்பாள். செத்துப்போயிருந்தால் அழுது முடித்திருக்கலாம், ஓடிப்போயிருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம், இவன் தினமும் இரண்டு வேளை கஞ்சி குடித்துக்கொண்டு கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தான். ஒன்று மட்டும் அவளை அரித்துக்கொண்டே இருந்தது: அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது அவன் திரும்பித் தன் முகத்தைப் பார்த்தானா, பார்க்காமல் போனானா? எத்தனை யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள் முன்மயிர் நரைத்தது, கடைவாய்ப் பல் இரண்டு விழுந்து கன்னம் ஒட்டியது. அதையெல்லாம் அறியாத ஒரே ஆள் அந்த ஊரில் அவள் புருஷன்தான்.

பதினோராம் வருஷ விழாவுக்கு ஒரு விளம்பரக் கம்பெனி பெரிய பலூன் ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு வீடு அளவு இருக்கும், மஞ்சள் நிறம், பந்தைப்போலவே குழிகுழியாகச் செய்திருந்தார்கள். மேற்கு மூலையில் கட்டிப் பறக்கவிட்டார்கள். காற்றுத் திரும்பியதில் கயிறு நழுவி, பலூன் மெல்ல மெல்ல மிதந்து வந்து, நஞ்சப்பன் முகத்துக்கு நேர்மேலே, பத்து முழ உயரத்தில், ஆகாயத்தையே மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டாயிரம் பேர் மூச்சைப் பிடித்தார்கள். கர்னல் சட்டைப்பையிலிருந்து நிறுத்துக்கடிகாரத்தை எடுத்துவிட்டார். கேட்காமல் இருக்க முடியாது, விதி.

“பந்து?”

“தெரியுதுங்க சார்” என்றான் நஞ்சப்பன், எப்போதும்போல.

கூட்டம் கைதட்டியது, கோல்ஃப் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டுவது அபூர்வம், எழுந்து நின்று தட்டினார்கள். மேகத்தைத் துளைத்த பார்வை இப்போது ரப்பரையும் துளைத்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். பிலோமின்ராஜ் அங்கேயே உட்கார்ந்து தலைப்பு எழுதினார். பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். தவமணி மட்டும் கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு அசையாமல் நின்றாள். தலைக்குமேலே அத்தனை பெரிய மஞ்சள் வந்து நின்றபோது அவன் கண்ணின் கருமணி சுருங்கவும் இல்லை, விரியவும் இல்லை. அதை அவள் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கஞ்சி புகட்டிக்கொண்டே, பலகைக்காரருக்குக் கேட்காதபடி கேட்டாள். “ஏனுங்க, நேத்து ஒங்க தலைக்கு மேல என்ன இருந்துச்சு?”

அவன் விழுங்கினான்.

“எத்தன நாளாங்க?”

“மூணு மழ போயிருக்கும் புள்ள” என்றான் அவன். “மொதல்ல வெள்ளையாத் தெரிஞ்சுது. பொறவு வெள்ளையுங் காணம்.”

அவள் பாலாடையைக் கீழே வைத்தாள். “பொறவு எதுக்குங்க இப்பிடியே கெடக்கறீங்க? ஊட்டுக்கு வந்திருக்கலாமில்ல? மூணு வருசமுங்க!”

“வந்து?” என்றான் நஞ்சப்பன். “கீழ குனிஞ்சா மட்டும் என்ன தெரியப்போவுது? இங்கயாச்சும் பந்து இருக்குதுன்னு ஒரு நெனப்பு. நாந் தெரியுதுங்கறேன், நாலு பேரு சோறு திங்கறாங்க.” பிறகு சொன்னான்: “ஒம் மூஞ்சி மட்டும் அப்பிடியே இருக்குது. அன்னிக்கிக் காலைல வாசல்ல நின்னியே, வெத்தலப் பச்சையில சீல கட்டிட்டு. அதத்தாம் பாத்துட்டுக் கெடக்கறேன், பந்த எங்க பாக்கறேன்.”

அன்றைக்கு அவள் கட்டியிருந்தது காவி நிறம். வெற்றிலைப் பச்சையில் அவளிடம் சேலையே இருந்ததில்லை. அவள் திருத்தவில்லை. முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டு, நேரே கர்னல் அறைக்குப் போனாள்.

கர்னல் வரதராஜுலுவுக்கு இப்போது எண்பது வயது. அவள் சொன்னதை முழுசாகக் கேட்டார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“தவமணி, விதியில என்ன போட்டிருக்கு தெரியுமா? பைக்காரன் சொல்றதை நடுவர் ஏத்துக்கணும், அவ்வளவுதான். கண்ணைச் சோதிக்கணும்னு எங்கயும் இல்ல.”

“அவருக்குக் கண்ணு போயிருச்சுங்க சார். குருடாயிட்டாருங்க.”

“எனக்கும் உனக்கும் அந்தப் பந்து எப்போம்மா தெரிஞ்சது?” என்றார் கர்னல், மெதுவாக, உண்மையான வருத்தத்தோடு. “ஒரு வாரம் தெரிஞ்சது. மீதி பதினோரு வருஷமா அவன் வாயிலதான் இருக்கு. கண்ணு போனா என்ன, வாய் இருக்கு. அவன் வாய் இருக்கிற வரைக்கும் இந்த ஊர் இருக்கு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?”

அவர் மேசைமேல் இருந்த விதிப்புத்தகத்தை அவள் பார்த்தாள். இதுவரை ஒரு மூலையில் நம்பிக்கை இருந்தது அவளுக்கு: என்றைக்காவது அவன் பார்வை மங்கும், அன்றைக்கு இவர்களே விட்டுவிடுவார்கள், கிழவனையாவது கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று. அந்த நம்பிக்கைமேல்தான் பதினோரு வருஷக் கஞ்சியையும் காய்ச்சினாள். கண்கூடத் தேவையில்லை என்று இவர்கள் சொல்லிவிட்டார்கள். இனி அவன் பேச்சு நின்றாலும் தலையசைப்பு போதும் என்பார்கள், தலையசைப்பு நின்றால் மூச்சு போதும் என்பார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்த காலமெல்லாம் பலகையைத் தூக்கியே தீர்த்துவிட்டார்கள்.

வெளியே வந்தாள். விழாவின் இரண்டாம் நாள், வெயில் பளீரென்று அடித்தது, மடக்கு நாற்காலிகள் மணல்குழி வரை நிறைந்திருந்தன. தேவய்யா மைக்கில் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தவமணி கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கிவிட்டு உள்ளே போனாள், சலூன் நாற்காலியின் முன்னால் போய் நின்றாள், குசுகுசுக்காமல், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

“ஏனுங்க!”

பலகை உயர்ந்தது. அவள் பலகைக்காரரின் கையிலிருந்து கம்பை வாங்கி, எழுத்து அடியில் போகும்படி புல்லில் கிடத்தினாள். அவர் தடுக்கவில்லை; அவருடைய இரண்டு மகள்களும் தொப்பி தைக்கிறார்கள், ஆனாலும் தடுக்கவில்லை.

“என்னயப் பாருங்க.”

“பாத்தா என்ன புள்ள தெரியப்போவுது?” நஞ்சப்பனின் குரல் பயந்திருந்தது. “வேண்டாம் புள்ள. எல்லாரும் இருக்கறாங்க.”

“தெரியாட்டிப் போவுது. இருந்தா இருந்துட்டுப் போறாங்க. கட்டிட்டு வந்ததுல இருந்து ஒங்ககிட்ட வேற ஒண்ணுங் கேக்கலீங்க. இந்தப் பக்கந் திருப்புங்க.”

தேவய்யாவின் மைக் பாதி வார்த்தையில் நின்றது. கர்னல் மூச்சிரைக்க ஓடிவந்து, கேட்கிற நேரம் வரும் முன்பே கேட்டார், கெஞ்சுகிற மாதிரி கேட்டார்.

“நஞ்சப்பா, பந்து?”

நஞ்சப்பன் வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டான். நாற்காலியின் கையைப் பிடித்து எழும்பி உட்கார்ந்து, பதினோரு வருஷம் பின்னால் சாய்ந்தே கிடந்த கழுத்தை, துருப்பிடித்த தாழ்ப்பாளைத் தள்ளுகிற மாதிரி, விட்டு விட்டு, வலியில் முனகிக்கொண்டே கீழே கொண்டுவந்தான். எலும்பு நொறுங்குகிற சத்தம் முன்வரிசைவரை கேட்டது. கர்னலின் பெருவிரல், அவரைக் கேட்காமலே, கடிகாரத்தை அழுத்தியது.

“மூணு நிமிஷம்!” என்று யாரோ கத்தினார்கள். அமைதியானவர்கள் என்று பேர்பெற்ற இரண்டாயிரம் பேரும் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள், தொப்பி பறக்க, பிளாஸ்க் உருள, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள். லாட்ஜ்காரர்கள் ஓடினார்கள், தைலக்காரர்கள் ஓடினார்கள், தேவய்யா தொப்பையைப் பிடித்துக்கொண்டு, “எங்கேப்பா, எங்கே” என்று அழுதபடி ஓடினார். அத்தனை முகமும் மேலே பார்த்தது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, அந்த ஊரில் நஞ்சப்பன் ஒருவனுடைய முகம் மட்டும் கீழே பார்த்தது.

தவமணி அந்தக் கண்களைப் பார்த்தாள். வெயிலில் வெந்து வெளிறிப்போன இரண்டு கண்கள். அவை அவள்மேல் விழவில்லை. அவளுடைய இடது தோளைத் தாண்டி, ஒருவரும் இல்லாத வெறும் புல்மேல், ஆசையோடு, அசையாமல் பதிந்திருந்தன.

“எங்க நிக்கற புள்ள?” என்றான் நஞ்சப்பன்.

“நீங்க பாக்கற எடத்துலதானுங்க” என்றாள் தவமணி. சொல்லிவிட்டு, சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, காலடிச் சத்தம் கேட்காமல் இடது பக்கம் ஒரு அடி நகர்ந்து போய் நின்றாள்.